ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகத் தமிழ் எழுதுவது எப்படி: கொங்கு நாட்டு எடுத்துக்காட்டுகளோடு ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலிலும் மின்கம்பத்திலும் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். "ஓவர்லாக், பிளாட்லாக் டெய்லர்கள், செக்கிங், பேக்கிங் ஆட்கள் உடனடியாகத் தேவை. ஆண், பெண் இருபாலரும் வரலாம்." டெய்லர், ஆட்கள், வரலாம் என்ற மூன்று சொல்லிலும் ஆண், பெண் என்ற அடையாளமே கிடையாது. ஆனாலும் எழுதியவருக்கு நம்பிக்கை வரவில்லை. 'இருபாலரும்' என்று தனியாகச் சொல்லிவிட்டார். அதே கம்பெனிக்குள் போனால், பாதிக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில், "லேட்டாக வருபவன் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு உட்கார வேண்டும்" என்று பலகையில் எழுதியிருக்கும். தேவையில்லாத இடத்தில் விளக்கம், தேவையான இடத்தில் 'அவன்'.

ஊரில் அழைப்பிதழ், சங்க அறிவிப்பு, மனு என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கும், பள்ளிச் சுற்றறிக்கை தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த வழிகாட்டி. தமிழில் பொதுவாக எழுதப் புதுச்சொல் எதையும் உருவாக்க வேண்டியதில்லை. இருக்கிற இலக்கணமே போதும். இடறுவது இரண்டே இடத்தில்: ஒன்று, வினை முடிவு. இன்னொன்று, எழுத்தில் இருக்கும் 'அவர்' நம் காதில் ஆணாக விழுவது.

முதல் படி: பால் எங்கே தெரிகிறது என்று பாருங்கள்

தமிழில் ஆண், பெண் வேறுபாடு காட்டும் இடம் நாம் நினைப்பதைவிடச் சிறியது. 'நான் வந்தேன்' என்று அப்பாரு சொன்னாலும் ஆத்தா சொன்னாலும் ஒரே சொல்தான். நீ, நீங்கள், நாம், நாங்கள் எதிலும் பால் இல்லை. வடக்கிலிருந்து இங்கே வந்து தறி ஓட்டும் பையனைக் கேளுங்கள். அவனுடைய இந்தியில் 'நான் போகிறேன்' என்பதையே ஆண் ஒரு விதமாகவும் பெண் வேறு விதமாகவும் சொல்ல வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது.

அஃறிணையில் ஆண், பெண் கணக்கே இல்லை. காங்கேயம் காளையும் வந்தது, பசுவும் வந்தது. வேறுபாடு வேண்டுமானால் பெயரில் காட்டுகிறோம்: கிடா, பெட்டை, சேவல், காளைக்கன்று, கிடாரிக்கன்று. வினை கண்டுகொள்வதில்லை. ஆடு, மாடு, கோழி, கன்று, குட்டி எல்லாம் இரண்டுக்கும் பொது. தொல்காப்பியம் மரபியலில் இளமைப் பெயர் என்று அடுக்கும் ஒன்பதும் (பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி) அப்படியே.

ஆக, பால் தெரிவது உயர்திணைப் படர்க்கை ஒருமையில் மட்டும்: அவன், அவள், வந்தான், வந்தாள், மாணவன், மாணவி, வந்தவன், வந்தவள். கையில் இருக்கும் வரைவை எடுத்து இந்த வகைச் சொற்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒரு பக்க அறிவிப்பில் நாலைந்து வட்டம் விழுந்தால் அதிகம். மற்றதைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் ஒன்று. '-வில்லை' என்ற எதிர்மறைக்குப் போனால் உயர்திணையிலும் பால் மறைந்துவிடும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று நான்காகப் பிரிந்தவை 'வரவில்லை' என்ற ஒன்றில் வந்து சேர்கின்றன. இல்லை, உண்டு, வேறு மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூல் சொல்வது இதைத்தான். வேண்டும், முடியும், கூடாது, '-லாம்' என்று முடியும் சொற்கள், வாழ்க, வருக போன்ற வியங்கோள், தெரிவிக்கவும், கையொப்பமிடவும் என்ற அறிவிப்பு நடை, இவை எதிலும் ஆண் பெண் கிடையாது. இந்தக் கையிருப்பை மறக்காதீர்கள். நாலாவது படியில் முழுக்க இதை வைத்துத்தான் வேலை.

இரண்டாவது படி: 'ஒருவன்' இருக்கும் இடத்தில் 'ஒருவர்', வினையையும் சேர்த்து மாற்றுங்கள்

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் நம் பக்கத்துக்காரர். பெருந்துறைக்கு அருகே இருக்கும் சீனாபுரம்தான் அவருடைய சனகாபுரம் என்பது கொங்கு வழக்கு. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள எழுதிய நூல் அது. அதில் அவர் 'ஒருவர்' என்ற சொல்லுக்கு நேராகவே விதி வைத்திருக்கிறார்: உயர்திணையில் ஆண், பெண் இருபாலுக்கும் பொது, பன்மை வினை கொள்ளும். அவருக்கு வெகு காலம் முந்தைய தொல்காப்பியமும் இதையே சொல்கிறது. ஆள் ஒன்று, வினை பன்மை. ஒருவர் வந்தார், ஒருவர் சொன்னார், யாராவது ஒருவர் கையெழுத்திடுவார்.

இதில் இலக்கணத்தைவிடக் கவனம்தான் முக்கியம். 'ஒருவர்' என்று ஆரம்பித்தவர்கள் வாக்கியம் நீளும்போது மறந்துவிடுகிறார்கள். "வீட்டில் ஒருவர் இருந்தால் அவன் ரேஷன் கார்டை எடுத்து வரட்டும்" என்று வந்துவிடும். 'ஒருவர்' என்றால் கடைசி வரை அவர், '-ஆர்', 'தம்' என்றே போக வேண்டும். "ஒவ்வொருவரும் தன் பெயரை எழுதவும்" என்பது இன்று எல்லோரும் எழுதுவது, குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் "தம் பெயரை" என்பதுதான் 'ஒருவர்' கேட்கும் பொருத்தம். தான், தன், தம் எல்லாமே ஆண் பெண் பார்க்காத சொற்கள். 'அவனது' என்று எழுத வரும் இடத்தில் பாதிக்கு மேல் 'தன்' அல்லது 'தம்' போட்டால் சரியாகிவிடும்.

யார் என்று தெரியாதபோது என்ன செய்வது? அதற்கும் பழைய விதி இருக்கிறது. தூரத்தில் வருவது ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் பன்மையில் சொல் என்கிறது தொல்காப்பியம். இலக்கணம் படிக்காதவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். வரப்பு மேல் ஆள் நடமாட்டம் தெரிந்தால் "யாரோ வர்றாங்க பாரு" என்பார்களே தவிர, 'வர்றான்' என்று சொல்ல மாட்டார்கள். போனில் "யாருங்க பேசறது?" என்று கேட்பதும் இதே உத்திதான், 'பேசறது' என்ற தொழிற்பெயரைப் போட்டு ஆணா பெண்ணா என்ற கேள்வியையே தாண்டிவிடுகிறோம். 'யார்' என்ற சொல்லும் ஆண், பெண், பலர் மூன்றுக்கும் பொது.

எண்ணிச் சொல்லும்போது இருவர், மூவர், நால்வர், ஐவர் எல்லாம் பொதுவே. எட்டுக்கு 'எண்மர்' என்பது இலக்கணச் சுத்தம், ஆனால் சங்க அறிவிப்பில் அதைப் போட்டால் படிப்பவர் ஒரு நொடி நின்றுவிடுவார். 'எட்டுப் பேர்' என்று எழுதுங்கள். 'பேர்' எவருக்கும் பொது.

மூன்றாவது படி: 'அவர்' காதில் எப்படி விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள்

எழுத்தில் 'அவர் வந்தார்' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இலக்கணத்தில் சந்தேகமே இல்லை. பேச்சில் அப்படி இல்லை. மரியாதைக்குரிய ஆண் என்றால் 'அவரு வந்தாரு'. மரியாதைக்குரிய பெண் என்றால் 'அவிங்க வந்தாங்க'. பன்மைக்கும் அதே 'வந்தாங்க'தான். அதாவது எழுத்துத் தமிழின் பொது வடிவம் பேச்சுக்கு வந்ததும் ஆணுக்குப் போய்விட்டது; பெண்ணுக்குப் பன்மை வடிவம் வந்து சேர்ந்தது. அதனால்தான் "தலைவர் வந்தார், கொடியேற்றினார்" என்று படித்ததும் மனதில் வேட்டி கட்டிய ஒருவர் வந்து நிற்கிறார்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு என்ற சட்டம் 2016-இல் வந்தது. அதன்படி நடந்த 2019 தேர்தலில் கொங்கு ஊராட்சிகளில் பாதிக்குப் பாதி பெண்கள்தான் 'பிரசிடெண்ட்' ஆனார்கள். பேச்சில் மக்கள் தெளிவாக "பிரசிடெண்டு வந்துட்டாங்க" என்கிறார்கள். எழுத்தில் "தலைவர் வந்தார்" என்றால் பெயர் தெரியாத வாசகருக்கு அவர் ஆண் ஆகிவிடுகிறார். சிலர் அதற்காக 'தலைவி' என்று எழுதி, பதவியின் பெயரையே மாற்றிவிடுகிறார்கள். ஊராட்சி மன்றத் தலைவர் என்பது பதவிப் பெயர். அது மாறக் கூடாது.

என் வழி இதுதான். பெயர் தெரிந்தவர் என்றால் முதல் தடவை பதவியோடு பெயரையும் எழுதுங்கள். பெயரே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும், அப்புறம் 'அவர்', '-ஆர்' போட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள். பெயர் இல்லாத பொது வாக்கியம் என்றால் பன்மைக்குப் போய்விடுங்கள்: "தலைவர்கள் கணக்கைப் படிப்பார்கள்." 'அவர்கள்', '-ஆர்கள்' காதில் ஆணாக விழுவதில்லை, ஏனென்றால் பேச்சு 'வந்தாங்க' அதிலிருந்து வந்ததுதான். உரையாடலை எழுதும்போது மட்டும் பேச்சு வடிவத்தை அப்படியே விடுங்கள்.

உரையாடல் என்றதும், கொங்குப் பேச்சில் ஒரு நுட்பம் இருக்கிறது; வெளியூர்க்காரர்கள் திருத்தும்போது அடிக்கடி கெடுத்துவிடுவார்கள். நம் '-ங்க' என்பது கேட்பவருக்குக் கொடுக்கும் மரியாதை. சரிங்க, இல்லீங்க, ஏனுங்க, வாங்க. கேட்பவர் ஆணா, பெண்ணா, பெரியவரா, கடைக்காரரா என்று அது பார்ப்பதில்லை. "எம் பையன் நேத்தே வந்துட்டானுங்க" என்று ஒரு தாய் சொன்னால், 'வந்துட்டான்' பையனுக்கு, '-ங்க' கேட்பவருக்கு. "எம் பொண்ணு வந்துட்டாளுங்க" என்பதும் அப்படித்தான். சென்னைப் பக்கம் 'வந்தானுங்க' என்றால் 'பசங்க வந்தார்கள்' என்று பன்மையாக, கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் புரிந்துகொள்வார்கள். அந்தக் காதோடு கொங்கு உரையாடலைத் திருத்தினால் ஒரு பையன் நாலு பையன் ஆகிவிடுவான்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். வீட்டுப் பெண்ணை, மருமகளை, பக்கத்து வீட்டுப் புள்ளையைப் பற்றிப் பேசும்போது "அம்மணி வந்துச்சு", "அது அப்பவே சொல்லுச்சு" என்று அஃறிணை முடிவு வரும். பாசமும் கூச்சமும் பாதி மரியாதையும் கலந்தது அது. 'வந்தா' என்பதன் கடுமையைத் தவிர்க்க வந்த வழி. ஆனால் அதே வயதுப் பையனுக்குப் பெரும்பாலும் 'வந்தான்'தான். பேச்சில் இருக்கட்டும், அறிவிப்பிலோ செய்தியிலோ பெரிய பெண்ணுக்கு 'அது' எழுதக் கூடாது. குழந்தைக்கு எழுதலாம்: "குழந்தை அழுதது" நல்ல தமிழ். அங்கே ஆணா பெண்ணா என்ற பேச்சே எழாது.

நாலாவது படி: அறிவிப்பை வரிக்கு வரி உடைத்து எழுதுங்கள்

ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கான மாதிரி அறிவிப்பை எடுத்துக்கொள்வோம்.

"நமது சங்கத்தில் பால் ஊற்றும் உறுப்பினர் ஒவ்வொருவனும் காலை 6.30 மணிக்குள் வர வேண்டும். தாமதமாக வருகிறவனிடம் பால் எடுக்கப்பட மாட்டாது. மாடு கன்று போட்டால் அதன் சொந்தக்காரன் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டும். வர முடியாதவர் தன் மனைவியையோ மகனையோ அனுப்பலாம். பால் பணம் குடும்பத் தலைவனிடம் மட்டும் பட்டுவாடா செய்யப்படும்."

நம் ஊர்களில் விடிகாலையில் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டி வாசலில் நிற்பவர்களில் பெண்கள் எவ்வளவு பேர் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அறிவிப்போ மனைவியை வீட்டிலிருந்து அனுப்பும் ஒரு கணவனிடம் பேசுகிறது.

முதல் வரி: 'ஒவ்வொருவனும்' போகட்டும். 'பால் ஊற்றுவோர்' என்று எழுதலாம். '-ஓர்' முடிவு ஆண், பெண் இரண்டும் சேர்ந்த பலர்பால். பெற்றோர், முதியோர், நுகர்வோர் போல. காதிலும் ஆணாக விழாது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

இரண்டாம் வரியில் ஆளையே எடுத்துவிடலாம். எடுக்காமல் விடப்போவது பாலைத்தான். "அதற்குப் பிறகு வரும் பால் எடுக்கப்படாது." பெயரெச்சத்துக்குப் பின்னால் ஆளுக்குப் பதில் பொருளை வைத்ததும் '-வன்' தேவையில்லாமல் போய்விட்டது.

மூன்றாம் வரியில் சொந்தக்காரன் யார் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மாட்டுக்காரர்களுக்குத்தான் இந்த அறிவிப்பே. "மாடு கன்று போட்டால் செயலாளரிடம் தெரிவிக்கவும்."

நாலாம் வரி: "நேரில் வர இயலாதோர் வீட்டிலிருந்து வேறு ஒருவரை அனுப்பலாம்." மனைவி, மகன் என்று பட்டியல் போட்டால் மருமகளும் மாமியாரும் விடுபடுவார்கள்.

ஐந்தாம் வரியில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 'குடும்பத் தலைவன்' என்பதை 'குடும்பத் தலைவர்' என்று மாற்றினால் சொல் பொதுவாகிவிடும், ஆனால் விதி தெளிவாகாது. சங்கத்தில் உறுப்பினர் பெயர் யாருடையதோ அவரிடம்தான் பணம் என்றால், "பால் பணம் உறுப்பினரிடம் மட்டும் தரப்படும்" என்றுதான் எழுத வேண்டும். அட்டை மாமியார் பெயரில் இருந்தால் பணம் மாமியாருக்கு. இப்படிப்பட்ட வரியை நீங்களாகத் திருத்தாதீர்கள். செயலாளரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். பொதுச்சொல்லாக மாற்றும்போது விதியே மாறிப்போகிற இடங்கள் இப்படித்தான் ஒளிந்திருக்கும்.

திருத்திய வடிவம் இது: "நமது சங்கத்தில் பால் ஊற்றுவோர் காலை 6.30 மணிக்குள் பாலைக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகு வரும் பால் எடுக்கப்படாது. மாடு கன்று போட்டால் செயலாளரிடம் தெரிவிக்கவும். நேரில் வர இயலாதோர் வீட்டிலிருந்து வேறு ஒருவரை அனுப்பலாம். பால் பணம் உறுப்பினரிடம் மட்டும் தரப்படும்." பழையதைவிடச் சுருக்கமும் கூட. வேண்டும், -படாது, -வும், -லாம், -படும். ஐந்து வினையிலும் பால் இல்லை, இத்தனைக்கும் ஒரு '-ஆர்' கூடப் போடவில்லை.

ஐந்தாவது படி: பெயர்ச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது

தொழிலையும் பொறுப்பையும் குறிக்கும் பொது விகுதிகள் நிறைய இருக்கின்றன. எழுத்தாளர், நெசவாளர், உற்பத்தியாளர் என்ற '-ஆளர்', ஓட்டுநர், நடத்துநர், பெறுநர் என்ற '-நர்', கலைஞர், வழக்கறிஞர் என்ற '-ஞர்', உறுப்பினர், மனுதாரர், அட்டைதாரர். சென்னிமலையில் தறியில் உட்கார்ந்திருப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும் நெசவாளர். இவற்றில் சிக்கல் இல்லை.

'-ஆளி', '-சாலி' கொஞ்சம் வேறு மாதிரி. தொழிலாளி, நோயாளி, பயனாளி, திறமைசாலி எல்லாம் வடிவத்தில் பொது. மரியாதை விகுதி மட்டும் இல்லை. "தொழிலாளி வந்தார்" என்றோ "தொழிலாளர்" என்றோ எழுதினால் போதும். ஆனால் வடிவம் பொதுவாக இருந்தும் வழக்கு பொதுவாக இல்லாத சொற்களும் உண்டு. 'பங்காளி' என்றால் கொங்கில் யாரும் பெண்ணை நினைக்க மாட்டார்கள். 'முதலாளி' அப்படித்தான்; 'முதலாளியம்மா' என்றால் முதலாளியின் மனைவி என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள், கம்பெனியே அந்த அம்மாவுடையதாக இருந்தாலும். அங்கே 'உரிமையாளர்' என்று எழுதுவது நல்லது.

'-காரர்' பற்றி எனக்கு அரை மனதுதான். கடைக்காரர், தோட்டக்காரர் என்பவை எழுத்தில் பொது, காதில் ஆண். பேச்சில் 'கடைக்காரங்க' என்றால் சரியாகிவிடுகிறது. ('ஊட்டுக்காரங்க' மட்டும் விதிவிலக்கு, அது கணவனா, மனைவியா, வாடகை வாங்க வந்தவரா என்பது சொல்பவருக்கே வெளிச்சம்.) எழுத்தில் 'கடை நடத்துவோர்', 'தோட்டம் வைத்திருப்போர்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்திலிருந்து வந்த டாக்டர், டிரைவர், ஆபரேட்டர், மேனேஜர் எல்லாம் பொது. ஆனால் 'டீச்சர்' என்றால் நமக்குப் பெண், 'வாத்தியார்' என்றால் ஆண்; எப்படியோ இரண்டு சொல்லையும் நாமே பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டோம். எழுத்தில் 'ஆசிரியர்' இரண்டு பேருக்கும் சேரும். 'ஆசிரியை' தேவைப்படும் இடம் மிகக் குறைவு. 'செவிலியர்' இன்று ஒருமைக்கும் ஆண் செவிலியருக்கும் சேர்த்தே வழங்குகிறது, அப்படியே பயன்படுத்தலாம்.

'மாணவர்கள்' பற்றி அடிக்கடி கேட்பார்கள். 'மாணவர்கள்' என்று மட்டும் எழுதினால் போதும், அதில் மாணவியரும் அடக்கம். ஆனால் ஒரு நிபந்தனை. சுற்றறிக்கையின் முதல் வரியில் 'மாணவ, மாணவியர்' என்று பிரித்து எழுதிவிட்டு மூன்றாம் வரியில் 'மாணவர்கள் சீருடையில் வர வேண்டும்' என்றால், அந்த இடத்தில் 'மாணவர்கள்' பையன்கள் மட்டும் என்று ஆகிவிடும். பிரித்தால் கடைசி வரை பிரியுங்கள், சேர்த்தால் கடைசி வரை சேருங்கள்.

மனிதன், உழவன், குடிமகன் போன்றவற்றுக்கு மனிதர், உழவர், குடிமக்கள். 'குடிமகன்' இப்போது டாஸ்மாக் நகைச்சுவையில் மாட்டிக்கொண்டதால் அதைத் தவிர்ப்பதில் இரட்டை லாபம்.

ஆறாவது படி: அழைப்பும் விளியும்

கல்யாண அழைப்பிதழில் வரும் "அன்புடையீர், வணக்கம்" போல ஒரு பொது விளி வேறு எதுவும் இல்லை. பெறுபவர் யாராக இருந்தாலும் பொருந்தும். மனுவிலும் கடிதத்திலும் "மதிப்பிற்குரிய ஐயா" என்று போட்டுவிட்டு, அதிகாரி பெண் என்று தெரிந்ததும் பேனாவால் 'அம்மா' என்று திருத்துவார்கள். "ஐயா / அம்மையீர்" என்று அச்சிடலாம், அல்லது "மதிப்பிற்குரியீர்" என்று முடிக்கலாம். பெயருக்குப் பின்னால் வரும் 'அவர்கள்' எல்லோருக்கும் பொது. 'திரு.' ஆணுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. பால் தெரியாத பெயர் என்றால் அதைப் போடாமல் 'அவர்கள்' மட்டும் போடுங்கள்.

பேச்சில் நமக்குப் பஞ்சமே இல்லை. 'கண்ணு', 'சாமி' இரண்டும் பேரனுக்கும் பேத்திக்கும் பொது: "வா சாமி, சோறு உங்கலாம்." வீட்டுக்கு வந்தவர்களைச் சொல்லும் 'ஒரம்பரை' அதைவிட நல்ல சொல். "ஊட்டுக்கு ஒரம்பரை வந்திருக்குதுங்க" என்றால் ஆணா, பெண்ணா, ஒருவரா, பத்துப் பேரா எதுவும் தெரியாது. எத்தனை டம்ளர் காபி என்று எட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பொருள் உயர்திணை, முடிவு அஃறிணை. விருந்து, அரசு, குழவி போன்ற சொற்கள் இப்படி வரும் என்று தொல்காப்பியமும் பட்டியல் தருகிறது.

ஏழாவது படி: பொதுச்சொல் போடக் கூடாத இடம்

பால் முக்கியமாக இருக்கும் இடத்தில் மறைத்தால் வாசகருக்குத்தான் நட்டம். தமிழ்நாடு அரசு 2023-இல் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, குடும்பத் தலைவிக்கு உரியது. அதை 'குடும்பத் தலைவர்' என்று எழுதினால் தப்பான ஆள் வரிசையில் வந்து நிற்பார். மகளிர் சுய உதவிக் குழு, மகப்பேறு, பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு, இங்கெல்லாம் பெண் என்றே எழுதுங்கள். மருத்துவமனைப் பலகையில் 'பெண் மருத்துவர்' என்பது நோயாளிக்கு வேண்டிய செய்தி. செய்தித்தாளில் "பெண் மருத்துவர் விருது பெற்றார்" என்பது வேண்டாத செய்தி.

எட்டாவது படி: படிவமும் திருநரும்

இருபாலர் என்றதும் இரண்டோடு முடிந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டில் 2008-இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைந்தது. திருநங்கை பெண், திருநம்பி ஆண், இருவரையும் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல் திருநர். பவணந்தியும் இதைத் தொட்டிருக்கிறார்: பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவர் பெண்பால். அந்த ஆளின் விருப்பம் எதுவோ அதுவே பால். அதோடு, அஃறிணை முடிவும் வரலாம் என்று ஒரு வாசல் திறந்துவைத்திருக்கிறார். அதை இன்று யாருக்கும் பயன்படுத்தக் கூடாது, அவமதிப்பு. ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் எப்படிச் சொல்லச் சொல்கிறாரோ அப்படி. கேட்க முடியாவிட்டால் 'அவர்', '-ஆர்'.

படிவத்தில் திருத்த வேண்டியவை சில. 'தந்தை / கணவர் பெயர்' என்ற கட்டம், பெண் என்றால் கணவர் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. 'பெற்றோர் அல்லது துணைவர் பெயர்' என்றால் எல்லோரும் நிரப்பலாம். 'மகன் / மகள்' கட்டத்துக்கு 'பிள்ளைகள்', 'வாரிசு'. கீழே 'விண்ணப்பதாரன்' என்று இன்னமும் சில பழைய அச்சுகளில் வரும்; 'விண்ணப்பதாரர்' ஆக்குங்கள். பாலினக் கட்டத்தில் ஆண், பெண், திருநர் என்று மூன்றும் இருக்கட்டும், ஆனால் அந்தத் தகவல் உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் அந்தக் கட்டத்தை வையுங்கள். பால் சொசைட்டியில் தீவன மூட்டை வாங்க அது எதற்கு?

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு முறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், எழுதியவரை இல்லாமல் வேறு ஒருவரை. அறிவிப்பில் யார் வருகிறார் என்று கேளுங்கள். "அவரு ஏதோ சொல்றாரு" என்று பதில் வந்தால் எங்கோ ஒரு 'அவர்' மிச்சம் இருக்கிறது. அந்த வரியைப் பன்மைக்கோ '-லாம்', 'வேண்டும்' பக்கத்துக்கோ நகர்த்துங்கள். "சொல்றாங்க" என்று வந்தால் அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம்.